எரிக்காத நாலு ஏக்கர்

சிடாம் கிரி
8 ஜனவரி 2025

அமலன் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான், அது மறக்கவில்லை. தெரிந்தும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

போனில் கூப்பிடுகிறீர்கள். எடுக்க மாட்டேன். உங்கள் குரல் வந்தால், பின்னாலேயே என் மகள் "யாருங்க, அம்மாவா?" என்று கேட்பாளா என்று காது தேட ஆரம்பித்துவிடும். அதனால் எழுதுகிறேன். உங்கள் ஃபேக்டரி பஸ் ஓட்டும் பரஞ்சோதி தம்பி எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வருகிறது. யோகேஸின் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் செம்பனை எண்ணெய் மரம் கிழடாகிவிட்டது என்று போன ஆகஸ்டில் சாய்த்தோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் சாய்த்த மரத்தைக் கொளுத்திவிட்டுத்தான் கன்று வைப்பார்கள். யோகேஸ் விடவில்லை. விவசாயிகள் கோப்பராசிச் சங்கத்தில் அவளுக்கு அதுதானே வேலை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், எரிக்காதீங்க, யூரியாவைக் குறைங்க, ஓலையை அடுக்கி மக்க விடுங்க என்று சொல்வது. ஊருக்குச் சொல்லிவிட்டு சொந்த அம்மா எரித்தால் என் மூஞ்சியை எங்கே வைப்பேன் என்றாள். சரி என்றேன். மெஷினைக் கொண்டுவந்து மரங்களைத் துண்டு துண்டாகச் சீவிப் பரப்பினாள். அக்டோபரில் டெங்கிக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். மரம் கிடக்கிறது.

தைப்பூசம் முடிந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிடப் போகிறேன். எரிக்க மாட்டோம் என்று கோப்பராசியில் அவள் பேரில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அங்கே உங்களைக் கேட்பார்கள் என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன். உங்களிடம் உத்தரவு கேட்கவில்லை.

அவளுக்குத்தான் தீ வைக்க முடியவில்லை. நீங்கள் மண்ணில் வைத்துவிட்டீர்கள். இதற்காவது வைக்கிறேன்.

புஷ்பவள்ளி


கூலிம்
13 ஜனவரி 2025

அன்புள்ள அத்தை,

தமிழில் கடிதம் எழுதி ரொம்ப வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் மன்னிக்கவும். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது பரஞ்சோதி அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். எல்லாருக்கும் முன்னால் பிரிக்க முடியாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நாளைக்குப் பொங்கல். இந்த வருஷம் உங்களுக்கு இல்லை என்று தெரியும். எனக்கும் கிறிஸ்துமஸ் இல்லாமல் போனது.

அத்தை, எரிக்க வேண்டாம். சட்டத்துக்கு விரோதம் என்பதற்காகச் சொல்லவில்லை. யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், அது உங்களுக்கும் தெரியும்.

செப்டம்பரில் சுங்கை லாலாங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை அவள் உங்கள் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எல்லாருக்கும் சர்பத் போட்டுக் கொடுத்தீர்களாம். அவர்களிடம், "எங்கம்மா நாலாம் வகுப்பு, அவங்களே செய்றாங்க, ஃபோர் வீல் வண்டி வச்சிருக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்த மார்ச்சில்தான் மரம் சாய்க்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் புகை தெரிந்தால், "அந்தப் பொண்ணோட அம்மாவே எரிச்சிட்டாங்க லா" என்பார்கள். அவ்வளவுதான், எல்லாரும் கொளுத்துவார்கள்.

நானே ஒருநாள் அவளிடம் சொன்னேன். எரித்தாலும் ஆகாயத்துக்குத்தான் போகிறது, மக்கினாலும் ஆகாயத்துக்குத்தான் போகிறது, எல்லாம் ஒன்றுதானே என்று. தலையணையைத் தூக்கி அடித்தாள். "இருபத்தஞ்சு வருஷமா மரம் காத்துலேருந்து இழுத்து வச்சதை ஒரே மத்தியானத்துல திருப்பி மேல விடுறதும், கொஞ்சம் கொஞ்சமா விடுறதும் ஒண்ணா? கொஞ்சம் மண்ணுல தங்கும்ல? உரம் மிச்சமாகும்ல? புகையில்லாம கிழவங்க மூச்சு விடலாம்ல?" என்று வரிசையாகக் கேட்டாள். தலையணை இன்னும் அந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

அடக்கம் செய்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்துவிட்டேன். இன்னொரு நாள்.

அமலன்


சிடாம் கிரி
20 ஜனவரி 2025

அமலன் அவர்களுக்கு,

ஃபேக்டரியில் ஏசியில் நின்றுகொண்டு எரிக்காதே என்று சொல்வது சுலபம். இங்கே வந்து பாருங்கள்.

மக்குகிற மரத்தில் கொம்பு வண்டு முட்டை வைக்கிறது. புழு என் கட்டை விரல் தண்டிக்கு இருக்கிறது. வண்டாகிப் பறந்து பக்கத்து நிலத்தில் மணியம் அண்ணன் வைத்த கன்றுகளில் குருத்தைத் துளைக்கிறது. ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி வெட்டின மாதிரி வருகிறது. அவர் எரிக்கச் சொல்லி வேலி ஓரம் நின்று தினமும் கேட்கிறார்.

"புஷ்பா, உன் மக வண்டுக்கெல்லாம் தாமான் வீடு கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டா. வாடகையை யார்கிட்ட வாங்குறது?"

அவர் வாய் அப்படி. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலையை விட்டுவிட்டு என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

இன்னொன்றும் சொன்னார், அதுதான் உள்ளேயே நிற்கிறது. சீவின மரத்தில் குழி குழியாக மழைத் தண்ணீர் நிற்கிறது, கொசு வைக்காமல் இருக்குமா என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சனி ஞாயிறு இங்கேதானே வருவாள். அந்த மரத்துக்கு நடுவில்தானே பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். அவள் எரிக்காமல் வைத்த மரத்திலிருந்து வந்த கொசுதான் அவளைக் கடித்ததா? அவ்வளவு பெரிய படிப்புப் படித்தாளே, இதை யோசிக்கவில்லையா? நீங்கள் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதி அடித்ததை நான் எழுதுகிறேன். அவள் கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எரிக்கலாம் தம்பி, எங்கள் வழக்கம் அது, உங்கள் ஆட்களிலும் இப்போது எரிக்கிறார்களாமே என்று கேட்டேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். உங்கள் ஃபாதர் ஜெபம் பண்ணும்போது ஃபெலிசியா, ஃபெலிசியா என்றார். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் கோயிலில் அவளுக்கு வைத்த பெயர் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். குழியைச் சுற்றி எல்லாரும் நின்றீர்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் இங்கே கருமாதி செய்தேன். ஐயர் சாம்பல் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். சரி, சட்டியை மட்டும் கொண்டு வாங்க, மந்திரம் சொல்லி விட்டுவிடலாம் என்றார். வெறும் சட்டியோடு மூடா ஆற்றுக்குப் போனேன். தண்ணீரில் சட்டியைக் கவிழ்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அதே சட்டியோடு திரும்பி வந்தேன். அடுப்படியில் இருக்கிறது.

அதனால்தான் எரிக்கிறேன். வண்டுக்காக இல்லை. அவள் நின்று சீவி, கையால் பரப்பின மரம். அதில் ஒரு சட்டி சாம்பல் எடுத்துக் கரைத்துவிட்டால் என் வேலை முடியும். துணியை எரித்தால் துணிச் சாம்பல்தான் வரும். அவள் கை வைத்த வேலை என்று எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

புஷ்பவள்ளி


கூலிம்
27 ஜனவரி 2025

அத்தை,

சட்டி விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

கொசுவைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஃப்ளாட்டில் அந்த மாதம் இன்னும் சில பேருக்கு டெங்கி வந்தது. மூன்றாம் மாடி சீனக் கிழவர் ஒருவர் போய்விட்டார். பின்பக்கம் கட்டிடம் கட்டுகிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று வந்து புகை அடித்தார்கள். அதனால் இங்கே உள்ள கொசு என்று நான் சொல்லலாம். சொன்னால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் எந்தக் கொசு என்று யாருக்கும் தெரியாது அத்தை. டாக்டரையே கேட்டேன். சிரிக்காமல், தெரியாது என்று சொன்னார்.

அடக்கம். அவள் எதையும் சொல்லி வைக்கவில்லை. முப்பத்தொரு வயதில் யார் அதைப் பேசுவார்கள்? எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று எங்கள் அண்ணன் சொன்னார். சரி என்றேன். சாப்பிடு என்றார்கள், சரி என்றேன். சட்டையை மாற்று என்றார்கள், சரி என்றேன். நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. ஆனால் அப்போது உங்கள் வாய் அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் மாதிரியே இருக்கும் உங்களுக்கு.

தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பொறுங்கள்.

அமலன்


சிடாம் கிரி
14 பிப்ரவரி 2025

அமலனுக்கு,

பொறுக்கச் சொன்னீர்கள். பொறுக்கவில்லை. நேற்றுக் காலையில் ஒரு டின் டீசலும் பழைய டயரும் எடுத்துக்கொண்டு போனேன்.

பிடிக்கவில்லை. மேலே டீசல் எரிகிற வரைக்கும் எரிந்தது, டயர் எரிந்தது. மரம் எரியவில்லை. மேல்பட்டை கறுத்தது, உள்ளே பஞ்சு மாதிரி ஈரம். மழையே இல்லாத மாதம், அப்படியும் ஈரம். புகைதான் வந்தது, கண்ணைத் திறக்க முடியாத புகை. மணியம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, "என்னா புஷ்பா, தோட்டத்துக்கு சாம்பிராணி போடுறியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாண்டி வந்து டயரை இழுத்துப் போட்டு மண்ணை அள்ளி மூடினார். என்னை எரிக்கச் சொன்னவர்தான் அணைத்தார். டயர் புகை அவர் கன்றுக்கு ஆகாதாம்.

கரிதான் கிடந்தது. சாம்பல் கொஞ்சம் வந்தது, ஆனால் அது டயர் சாம்பல். தொடவில்லை.

உள்ளே எங்காவது நெருப்பு இருக்குமோ என்று கையை விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. தீ வைக்காத குவியலிலும் போய்க் கையை விட்டேன். அங்கேயும் சூடு. முழங்கை ஆழத்தில், காய்ச்சல்காரர் நெற்றி அளவுக்கு. மக்கினால் அப்படித்தான் இருக்கும் என்று மணியம் அண்ணன் சொன்னார். நான் கையை எடுத்துவிட்டேன்.

புகையைப் பார்த்துவிட்டு கோப்பராசியிலிருந்து நளினி வந்தது. யோகேஸின் இடத்தில் இப்போது அந்தப் பிள்ளைதான். திட்டும் என்று நினைத்தேன். என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "சுங்கை லாலாங்ல புகையைப் பத்திக் கேட்டா என்னம்மா சொல்லட்டும்?" என்றது. என் புருவ மயிர் கருகியிருந்தது. "சமைச்சாங்கன்னு சொல்லு" என்றேன். அது சிரித்தது. பிறகு அழுதது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாலு ஏக்கரும் எரிய வேண்டாம். ஒரு சட்டி போதும். ஆனால் கொஞ்சமாக எரித்தால் இது பிடிக்க மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் ஒரே மலையாகக் குவித்து, காயவிட்டு, அடியிலிருந்து வைத்தால்தான் பிடிக்குமாம். மெஷின்காரனிடம் பேசிவிட்டேன். மார்ச் பாதியில் வருகிறான். வந்தால் முழுதும் போகும். போகட்டும்.

புஷ்பவள்ளி


கூலிம்
28 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தை,

இந்தக் கடிதத்தோடு ஒரு பிஸ்கட் டப்பாவையும் பரஞ்சோதி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். ஆட்டாமல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அவர், "என்னா தம்பி, மாமியாருக்கு முட்டையா?" என்றார். முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு திறங்கள்.

எங்கள் ஆட்கள் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கோயிலில் குருத்தோலை வாங்கிப் பிடித்துக்கொண்டு நடப்போம். உங்களுக்குத் தெரியும், போன வருஷம் நீங்களும் வாசல் வரை வந்து நின்றீர்கள். தென்னங்குருத்துதான் வழக்கம். ஆனால் போன வருஷம் யோகேஸ் உங்கள் தோட்டத்துச் செம்பனையில் குருத்து வெட்டிக்கொண்டு வந்தாள். குலை வெட்டுகிற ஆளைப் பிடித்து உச்சியிலிருந்து ஒன்றை இறக்கினாளாம். உச்சிக் குருத்தை வெட்டினால் மரம் என்ன ஆகும் என்று நீங்கள் திட்டினீர்களாம். "எப்படியும் சாய்க்கப் போற மரம்தானேம்மா" என்றாளாம். வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு அதிலிருந்து ஒரு சிலுவை மடித்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து மடித்துப் பழகினவர்கள், அவளுக்கு வரவில்லை. முடிச்சு நிற்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். எங்கள் அம்மா பார்த்துவிட்டு, ஐயோ மந்திரித்த ஓலை என்றார்கள். இவள் வாயில் ஓலையோடு "சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். ஹாலில் இயேசு படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அதிலேயே இருந்தது.

வருகிற புதன்கிழமை எங்களுக்குத் திருநீற்றுப் புதன். போன வருஷ ஓலைகளைக் கோயிலில் திருப்பி வாங்கி, எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். போன ஞாயிறு பெட்டி வைத்திருந்தார்கள். போட்டுவிடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது பார்த்தேன். முடிச்சில் அவள் பல் பட்ட இடம் அப்படியே இருக்கிறது. மேல் பல் இரண்டு, கீழ்ப் பல் ஒன்று. வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

அது உங்கள் தோட்டத்து மரம். அவள் கை வைத்தது. அவள் வாயும் வைத்தது. நானே எரித்துச் சாம்பலை அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். தீக்குச்சிகூட எடுத்தேன். பிறகு, அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது. தீ நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஒரு சட்டி வராது. அது தெரியும். மெஷின்காரனை அதுவரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமா? நீங்கள் எரித்துப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் அவனைக் கூப்பிடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

அமலன்


சிடாம் கிரி
10 மார்ச் 2025

மாப்பிள்ளைக்கு,

டப்பா புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் திறக்கவில்லை. சனிக்கிழமை திறந்தேன்.

காய்ந்து மஞ்சளாகிவிட்டது. அவள் மடித்ததுதான், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. துணி மடித்தாலும் அப்படித்தான் மடிப்பாள். பல் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன். எரிக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. வைத்துக்கொண்டால் தினமும் எடுத்துத் தடவிக்கொண்டே இருப்பேன், வேறு வேலை நடக்காது. நேற்றுக் காலையில் குளித்துவிட்டு அடுப்படியில் இருந்த சட்டியை வாசலில் வைத்து, அதற்குள் போட்டுத் தீ வைத்தேன்.

சட்டென்று பிடித்தது. அந்த மரம் அத்தனை டீசல் ஊற்றியும் பிடிக்கவில்லை, இது ஒரே குச்சியில் பிடித்தது. வாசல் கூட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான். சாம்பல் சட்டியின் அடியில் ஒரு கரண்டிகூட இல்லை. ஊதினால் போய்விடும் என்று துணியைப் போட்டு மூடினேன்.

மணியம் அண்ணன்தான் வண்டியில் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயரைக் கூப்பிடவில்லை. வழியில் வாயைத் திறக்கவில்லை அவர். எனக்கே அது விநோதமாக இருந்தது. தண்ணீரில் இறங்கி, சட்டிக்குள் தண்ணீரை விட்டுக் கலக்கினேன். கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. விட்டேன். போயிற்று. இந்தத் தடவை சட்டியையும் விட்டுவிட்டேன்.

அப்போது அழுகை வரும் என்று இருந்தேன். மணியம் அண்ணனும் அதற்காகத்தான் துண்டை எடுத்துக்கொண்டு கரையில் நின்றார். வரவில்லை. பசித்தது. அக்டோபருக்குப் பிறகு பசி என்று ஒன்று வந்ததே இல்லை, நேரமானால் ஏதோ உள்ளே போட்டுக்கொள்வேன். பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். மூன்றாவதும் கேட்டேன். மணியம் அண்ணன் அவர் தட்டையும் என் பக்கம் தள்ளினார்.

மெஷின்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம். நளினியிடமும் சொன்னேன். அது சுங்கை லாலாங் ஆட்களை ஒருநாள் மறுபடியும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டது. வரட்டும். சர்பத் போடுகிறேன். ஆனால் யார் என்ன கேட்டாலும் வண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன். அது இல்லாத மாதிரிப் பேச எனக்கு வராது.

மணியம் அண்ணன் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். எரிக்கவில்லை என்றால் புழுவை நான்தான் பொறுக்க வேண்டும். அவர் கன்று பெரிதாகிற வரைக்கும் வாரா வாரம். குவியலைப் புரட்டி, கையால் எடுத்து, வாளியில் போட வேண்டும். மேலே பயறுக் கொடியைப் படரவிட்டால் வண்டு குறையும் என்று நளினி விதை கொடுத்திருக்கிறது. அதுவும் ஊன்ற வேண்டும். நாலு ஏக்கர், ஒரு ஆளால் ஆகாது. போன வாரம் ஒரு வரிசை புரட்டுவதற்குள் இடுப்பு போய்விட்டது.

உங்களுக்கு ஓஃப் நாள் என்றைக்கு? ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசையை முடித்துக்கொண்டு வாருங்கள். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். கையுறை இங்கே இருக்கிறது, உங்களுக்குச் சின்னதாக இருக்கும்.

புஷ்பவள்ளி